வெளியிலிருந்து ஒருவர்

தேவகோட்டை ரஸ்தாவில் மெஸ் வைத்திருக்கிறேன்.
தினம் இருபத்திரண்டு கோழி,
ஞாயிறென்றால் நாற்பது.
எலிகளுக்கு ஒரு குழுவாம்,
விஞ்ஞானம் படிக்காத வெளியாள் ஒருவர்
அதில் இருந்தாக வேண்டுமாம்,
விதி அப்படி என்று
கல்லூரியிலிருந்து வந்தார்கள்.
கோழி வெட்டுகிறவளைப் போய்க் கேட்கிறீர்களே என்றேன்.
சிரித்துக்கொண்டே
கையெழுத்துக்கு இடம் காட்டினார்கள்.

முதல் கூட்டத்தில் பதினேழு பக்கம் தந்தார்கள்.
குப்பைமேனிக் களிம்பு, ஆறாத புண்,
வெள்ளை எலி முப்பத்தாறு.
பத்தாம் பக்கத்தில் வலிக்கு மூன்று கட்டம்:
லேசு, நடுத்தரம், கடுமை.
நடுத்தரத்தில் டிக் போட்டிருந்தாள்
ஆராய்ச்சி மாணவி சகாயராணி.

என் இடது மணிக்கட்டில்
எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று உண்டு.
அன்று நான் போட்ட கூச்சலில்
தெருமுனை ஆட்டோக்காரர் ஓடி வந்தார்.
அது எந்தக் கட்டம்?
கேட்க வாய் வரவில்லை.

கேட்டது வேறு.
"முப்பத்தாறு எதுக்கும்மா?"
"ஆறு பிரிவு மேடம், பிரிவுக்கு ஆறு."
"அஞ்சு போதாதா?"
நக்கலுக்குக் கேட்கவில்லை.
அறுபது பேர் வந்தால்
அறுபத்திரண்டு பேருக்கு வடிக்கிறவள் நான்.
மிச்சம் விழுந்தால் என் கணக்கில் பிழை.
மாணவி மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.
மாட்டு டாக்டர் நூருல்லா
கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.
"போதும்" என்றாள் கடைசியில்,
தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

முப்பது.
அந்த ஆறு எலி,
எந்தக் கூண்டிலும் அடைபடாத,
இன்னும் பிறந்திருக்கவே பிறக்காத ஆறு எலி
டவுன் பஸ்ஸில் என்னோடு வந்தன,
டிக்கெட் இல்லாமல்.

பின்கதவில் சாத்தையா நின்றான்.
கையில் வலைப்பை.
"கவுதாரிக்கா. பொட்டக்காட்டுல கண்ணி வச்சேன்.
உசுரோட ஆறு."

ஆறு.

பையின் கண்ணி வழியே
ஒரு செங்கால் வெளியே வந்து
காற்றை மிதித்து மிதித்துப் பார்த்தது.

கூட்டத்தில் கொடுத்த சிறு புத்தகத்தைப்
பஸ்ஸிலேயே படித்து முடித்திருந்தேன்.
காட்டுப் பறவையைப் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது,
வாங்கவும் கூடாது.
பறக்கவிடத்தானே வாங்கினேன் என்றாலும்
வாங்கினது வாங்கினதுதான்.
தவிர, இன்றைக்கு ஆறுக்குப் பணம் கொடுத்தால்
நாளைக்குப் பன்னிரண்டோடு வருவான்.

"வேணாம் சாத்தையா. சட்டம் விடாது.
நீயே அவுத்து விட்டுரு."
அவன் கோபப்படவில்லை.
கொல்லைக் கூண்டைத் தலையால் காட்டி
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்:
"அப்ப இதுக என்ன பாவம் பண்ணுச்சுக்கா?"

நாளைக்கான இருபத்திரண்டும்
ஒன்றின் முதுகில் ஒன்றாக
தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தன.
அவற்றுக்கு யாரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை.
நானும்தான்.

புத்தகத்தின் பின்னட்டையில் வனத்துறை நம்பர் இருந்தது.
கூப்பிட்டால் கவுதாரி பிழைக்கும்.
மழையில் ஊரே ஈர விறகோடு புகைந்தபோது
காய்ந்த கருவேலங்கட்டை
கடனுக்குப் போட்டவன் இவன்.
போனைக் கையில் எடுத்தேன்.
மணி என்ன என்று பார்த்துவிட்டு
திரும்ப வைத்தேன்.

அவன் சைக்கிள் போன பிறகும்
கிடீலா கிடீலா என்று
தெருக்கோடிவரை கேட்டது.

ராத்திரி கணக்கு நோட்டில்
கோழி என்று எழுதி நிறுத்தினேன்.
இருபத்திரண்டு எதற்கு?
நேற்று இரண்டு பேருக்கான குழம்பு
சாக்கடைக்குப் போயிருந்தது.
இருபத்தொன்று என்று எழுதினேன்.
இருபது என்று எழுதக் கை வரவில்லை.

மறுநாள் கல்லூரியிலிருந்து கடிதம்:
உயிர்கள் ஆறு குறைக்கப்பட்டன,
பரிந்துரை வெளி உறுப்பினர்.
கல்லாப்பெட்டியில் மடித்து வைத்தபோது
பந்தியில் ஒரு குரல்:
"எதுத்த கடையில கவுதாரி வறுவலாம்ல,
உங்ககிட்ட இல்லையாக்கா?"

ரசம் ஊற்றவா என்றேன்.